புறஜாதி என்ற சொல்

மதுரையில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பர் ஒருவர் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர். கீழவெளி வீதிப் பக்கம் அவர் வீடு. அங்கே போகும்போதெல்லாம் பேச்சு ஏதாவது ஒரு நாவலில் தொடங்கிப் பைபிளில் வந்து முடியும். அவர் அதை வேதமாகப் படிக்கிறவர். நான் கதை எழுதுகிறவன் படிக்கிற மாதிரி படிக்கிறவன். இந்த வித்தியாசத்தை அவர் பெரிதுபடுத்துவதில்லை. "எப்படி வேண்டுமானாலும் படி, படிக்காமல் மட்டும் அபிப்பிராயம் சொல்லாதே" என்பது அவருடைய கட்சி.

போன தடவை போயிருந்தபோது அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் பத்தாம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர் பன்னிரண்டு பேரையும் ஊர் ஊராக அனுப்புகிறார். அப்போது, யூதரல்லாதார் பக்கம் போகாதீர்கள், சமாரியர் ஊருக்குள்ளும் நுழையாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார். அதே புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதே சீடர்களை உலகத்து ஜனங்கள் எல்லாரிடமும் போகச் சொல்கிறார். ஒரே ஆசிரியர், ஒரே கதாநாயகர், இரண்டு கட்டளை. ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதியிருந்தால் அச்சுக்குப் போகுமுன் யாராவது திருத்தியிருப்பார்களே, ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன்.

நண்பர் சிரித்தார். "வழக்கமாகச் சொல்கிற பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

அந்தப் பதில் எனக்கும் தெரியும். முதலில் யூதருக்கு, அப்புறம் மற்றவருக்கு. முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்பது போல. இது தள்ளிவிடக்கூடிய பதில் அல்ல. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் ஓரிடத்தில் 'முதலில்' என்ற சொல்லே வந்து இந்தப் பதிலுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் பந்தி என்றால் என்ன என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் பந்தியில் யார் உட்கார்வது என்பதில்தானே கல்யாண வீட்டுச் சண்டை எல்லாம் வருகிறது! காலக்கிரமம் என்று சொன்னதனாலேயே மனக்கசப்பு போய்விடுவதில்லை. மேலும் இந்தப் பதில் புதிய ஏற்பாட்டுக்கு மட்டும்தான் பொருந்துகிறது. பழைய ஏற்பாட்டில் இதைவிடக் கடுமையான முரண்பாடு இருக்கிறது.

உபாகமம் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் ஒரு சட்டம் வருகிறது. அம்மோனியரும் மோவாபியரும் பத்துத் தலைமுறையானாலும் சபைக்குள் வரக்கூடாது. எகிப்திலிருந்து நடந்து வந்தவர்களுக்கு வழியில் அவர்கள் சோறும் தண்ணீரும் கொண்டுவரவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. இதைப் படித்துவிட்டு ரூத்தின் கதையைப் படித்துப் பாருங்கள். நாலே அதிகாரம். ரூத் மோவாபியப் பெண். கணவன் இறந்தபின் மாமியார் நகோமியை விட்டுப் பிரியாமல் பெத்லகேமுக்கு வருகிறாள், அறுத்த வயலில் கதிர் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போடுகிறாள், போவாஸை மணக்கிறாள். சோறு கொடுக்காத குலம் என்று சட்டம் ஒதுக்கிய குலத்துப் பெண் அவள். கதை முடிகிறபோது அவளுடைய மகன் ஓபேத், ஓபேத்தின் மகன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது என்று ஆசிரியர் நிதானமாகச் சொல்லி நிறுத்துகிறார். ராஜாவின் கொள்ளுப்பாட்டி சட்டப்படி சபைக்குள் வரக்கூடாதவள். ஆசிரியர் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அவளைத் திரும்பத் திரும்ப மோவாபியப் பெண் என்றே குறிப்பிடுகிறார். வாசகன் மறந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரே எஸ்றாவின் புஸ்தகம் இருக்கிறது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் அயல் இனத்துப் பெண்களை மணந்திருக்கிறார்கள். அந்தப் பெண்களையும் அவர்கள் பெற்ற குழந்தைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்று தீர்மானம். எருசலேமில் தேவாலயத்துக்கு முன்னால் ஜனங்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய மழை. எல்லாருக்கும் நடுக்கம், விஷயத்தாலும் நடுக்கம், மழையாலும் நடுக்கம் என்கிறார் எழுதியவர். இந்த மழையை நான் மறக்கவில்லை. சட்டத்தை ஆதரித்து எழுதுகிறவர் மழையைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, சொல்லியிருக்கிறார். புஸ்தகத்தின் கடைசியில் அயல் பெண்களை மணந்த ஆண்களின் பெயர்ப் பட்டியல் வருகிறது. நூறு பேருக்கு மேல் இருக்கும். அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்திக்குக்கூடப் பெயர் இல்லை. அவர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனார்கள் என்றும் இல்லை.

எஸ்றாவின் கட்சிக்குப் பதிலாகத்தான் ரூத்தின் கதை எழுதப்பட்டது என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எது முந்தி, எது பிந்தி என்பதல்ல எனக்கு முக்கியம். தொகுத்தவர்கள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். அன்னியன் தன்னை ஆண்டவர் பிரித்துவிடுவார் என்று சொல்ல வேண்டாம், இது எல்லா ஜனங்களுக்குமான ஜெபவீடு என்று முழங்கும் ஏசாயாவின் ஐம்பத்தாறாம் அதிகாரத்தையும் வைத்திருக்கிறார்கள். அன்னிய நகரமான நினிவேக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் யோனாவையும் வைத்திருக்கிறார்கள். கதவைச் சாத்தியவர்கள் யூதர். திறக்கச் சொன்னவர்களும் யூதரே. இதை மறந்துவிட்டுப் பழைய ஏற்பாடு முழுவதும் சாத்திய கதவு, புதிய ஏற்பாடு முழுவதும் திறந்த கதவு என்று பேசுகிறவர்கள் இரண்டையும் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் எங்கோ மேற்கே நடந்த விவகாரம் என்று நாம் இருந்துவிடலாம். இருக்க விடாமல் செய்வது ஒரு தமிழ்ச் சொல். மூல நூலில் ஜனங்கள், இனங்கள் என்ற பொருள் தரும் சொல், 1871-இல் வெளியான தமிழ்ப் பைபிளில் 'ஜாதிகள்' என்றும் 'புறஜாதியார்' என்றும் வருகிறது. போவர் என்ற பாதிரியாரின் தலைமையில் செய்த திருத்தம் அது. இன்றுவரை பெரும்பாலான புராட்டஸ்டண்டுக் குடும்பங்களில் புழங்குவது அதுதான். மொழிபெயர்த்தவர்கள் தப்புச் செய்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஜாதி என்றால் வகை, பிறப்பு என்றுதான் பழைய பொருள். பூவிலும் ஜாதி உண்டு, மரத்திலும் ஜாதி உண்டு. ஆனால் தெருவில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து புறஜாதியார் பக்கம் போகக்கூடாது என்று கேட்கிற ஒரு சிறுவனுக்கு ரோமனும் கிரேக்கனுமா ஞாபகத்துக்கு வருவார்கள்? தன் ஊரின் மறுகோடித் தெருதான் ஞாபகத்துக்கு வரும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இதைப் 'பிற இனத்தார்' என்று மாற்றிவிட்டது. அது சரியான மாற்றம். என்றாலும் பழைய சொல் தன்னை அறியாமலே ஒரு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பைபிளின் கணக்குப்படி நாம் எல்லாருமே புறஜாதிதான். மாசி வீதிக்காரரும் புறஜாதி, சேரிக்காரரும் புறஜாதி. வெளியே நிறுத்தப்பட்ட கூட்டத்துக்குள்ளேயே ஒரு பகுதியார் திரும்பி, இன்னொரு பகுதியாரைப் பார்த்து நீ புறஜாதி என்று சொன்ன கதைதான் நம் கதை.

அதே 1871-ஆம் ஆண்டில் எருசலேமில் ஒரு கல் கிடைத்தது. பழைய தேவாலயத்துக்கும் நம் கோயில்களைப் போலப் பிராகாரங்கள் இருந்தன. வெளிப் பிராகாரம்வரை யாரும் வரலாம். அதைத் தாண்டி உள்ளே வரும் அன்னியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க எழுத்தில் வெட்டிய கல் அது. இயேசு வியாபாரிகளை விரட்டியது அந்த வெளிப் பிராகாரத்தில்தான் என்று கருதுகிறார்கள். அப்போது அவர் ஏசாயாவின் வாக்கை எடுத்துச் சொல்கிறார். மாற்கு அதை எழுதும்போது 'எல்லா ஜனங்களுக்கும்' என்ற பகுதியையும் சேர்த்து எழுதுகிறார். மத்தேயுவும் லூக்காவும் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். ஏன் விட்டார்கள் என்று பெரிய புஸ்தகங்கள் எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் விட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறபடி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

தடுப்புச் சுவர் இடிந்துவிட்டது என்று எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் உவமை வருகிறது. நமக்கு அது உவமை அல்ல. தெற்கே வடக்கன்குளத்தில் இரண்டு ஜாதியார் தனித்தனியே நின்று பூசை காண்பதற்கென்று மாதா கோயிலையே இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டினார்கள். நடுவே இருந்த தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகன்றது. அகற்றியதை எதிர்த்துக் கோர்ட்டுக்கும் போனார்கள். இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் அரிஜனங்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதி. எழுமலைப் பக்கம் உத்தப்புரத்தில் ஊரை இரண்டாகப் பிரித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை இடித்து வழி விட்டது 2008 மே 6-ஆம் தேதி.

இனி அந்தக் கானானியப் பெண்ணின் கதைக்கு வரலாம். சுவிசேஷங்களிலேயே மிகவும் சங்கடமான காட்சி அதுதான். மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு அன்னியப் பெண் பின்னால் கத்திக்கொண்டு வருகிறாள். இயேசு பதில் பேசவில்லை. சீடர்கள், இவளை அனுப்பிவிடுங்கள் என்கிறார்கள். நான் வந்தது இஸ்ரவேலருக்காக மட்டும் என்கிறார் அவர். அவள் காலில் விழுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடலாமா என்று கேட்கிறார். மூல மொழியில் இருப்பது நாய் அல்ல, நாய்க்குட்டி என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வதுண்டு. நம் தெருவில் ஒருவனை நாய்க்குட்டி என்று கூப்பிட்டுப் பாருங்கள், சமாதானம் எவ்வளவு தூரம் போகிறதென்று தெரியும்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை; மறுக்கவும் இல்லை. மேஜையிலிருந்து விழும் துணுக்குகள் நாய்களுக்கும் உண்டே என்கிறாள். அவர் அவளுடைய நம்பிக்கையைப் புகழ்கிறார், மகள் குணமாகிறாள். இது சோதனை, முதலிலேயே கொடுப்பதாக முடிவு செய்திருந்தார் என்று பிரசங்கிகள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கதையாகப் படிக்கிறவனுக்கு, ஒரு தாய் பேச்சில் ஜெயித்துவிட்டாள் என்றுதான் தெரிகிறது. சட்டத்தை அவள் எதிர்க்கவில்லை. சட்டம் பேசிய மேஜைக்கு அடியிலேயே தனக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டாள். வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையே இருக்கும் தூரத்தைத் தாண்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அங்கே ரூத், இங்கே இவள்.

திறந்த கதவும் திறந்தபடியே இருப்பதில்லை. பேதுரு யோப்பாவில் ஒரு வீட்டு மாடியில் மத்தியானப் பசியோடு ஜெபம் செய்யும்போது ஒரு தரிசனம் காண்கிறார். எதையும் தீட்டு என்று சொல்லாதே என்று மூன்று தரம் கேட்கிறது. ரோம சேனையைச் சேர்ந்த கொர்நேலியுவின் வீட்டுக்குள் போகிறார். பெரிய அத்தியாயம். ஆனால் அந்தியோகியாவில் அதே பேதுரு என்ன செய்தார் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். யூதரல்லாதாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபினிடமிருந்து சில பேர் ஊருக்கு வந்ததும் பந்தியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கேட்டார். பேதுரு என்ன பதில் சொன்னார் என்று கடிதத்தில் இல்லை.

இந்த அந்தியோகியாக் காட்சி மதுரையிலும் நடந்திருக்கிறது. 1606-இல் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தபோது, பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக ஒரு கோயில் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளூரார் ஒருவரும் அவரிடம் சேரவில்லை. கிறிஸ்தவராவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்றே ஊரில் அர்த்தம் ஆகியிருந்தது. நொபிலி அந்த அர்த்தத்தை மறுத்தார். காவி உடுத்தார், மாமிசம் விட்டார், தமிழும் வடமொழியும் கற்றார், தத்துவபோதகர் என்று பெயர் கொண்டார். குடுமி, பூணூல், சந்தனம் இவையெல்லாம் ஊர் வழக்கமே தவிர மதம் அல்ல என்றார். கிறிஸ்துவிடம் வருகிறவன் யூதனாக மாற வேண்டியதில்லை என்று அன்று பவுல் வாதாடினாரே, அதே வாதம்தான் இது: மதுரைக்காரன் பரங்கியாக மாற வேண்டியதில்லை.

ஆனால் அதே நொபிலி தம்மிடம் சேர்ந்த மேல்ஜாதியாருக்கென்று தனிக் கோயில் கட்டினார். பெர்னாண்டஸின் பரதவர்களோடு அவர்கள் கலக்கவில்லை. ஒரு விஷயத்தில் அவர் பவுல். இன்னொரு விஷயத்தில் அந்தியோகியாவின் பேதுரு. ஒரு கையால் திறந்த கதவை மற்றொரு கையால் சாத்திக்கொண்டிருந்தார். வழக்கு ரோமாபுரிவரை போயிற்று. 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலையும் குடுமியையும் அனுமதித்து ஆணை அனுப்பினார். பிறப்பால் உயர்ந்தவர்கள் தாழ்ந்தவர்களை இகழ வேண்டாம் என்ற வேண்டுகோளும் அதே ஆணையில் இருந்தது. பைபிளைப் போலவே அந்தக் காகிதத்திலும் இரண்டு வசனம். 1640 முதல் பண்டார சுவாமிகள் என்ற பெயரில் வேறு பாதிரிமார் மற்ற ஜாதியாரிடம் போகத் தொடங்கினார்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் அவர்களால்தான் வழி பிறந்தது.

இருநூறு ஆண்டு கழித்து மறுபடியும் அதே பந்தி. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1847-இல், ஜாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். பலர் மறுத்தார்கள், மறுத்தவர்களைச் சபையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மிஷன்காரர் கேட்டது நியாயம். ஆனாலும் விருந்தைப் பரீட்சையாக வைத்தால் அது விருந்தாக இருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பவுல் பேதுருவை அதட்டினார். பந்தியிலிருந்து யாரையும் எழுப்பவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நண்பரிடம் கேட்டேன்: "பேதுரு என்னதான் பதில் சொல்லியிருப்பார்?"

அவர் பேசவில்லை. அந்தப் பேச்சின்மையில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பள்ளி நாளில் மத்தியானங்களில் அவர் வீட்டில்தான் நான் சாப்பிடுவது வழக்கம். அவருடைய அம்மா எனக்கென்று மீன் இல்லாத குழம்பு தனியாக வைப்பாள். ஒரு நாள் இலையில் உட்கார்ந்திருந்தபோது, கிராமத்திலிருந்து வந்த என் பெரியப்பா என்னைத் தேடிக்கொண்டு அந்தத் தெருவில் வருவதை ஜன்னல் வழியே பார்த்தேன். எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். மறுநாள் போனேன், அம்மா வழக்கம்போல் இலை போட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாயிற்று. நானும் எதுவும் சொன்னதில்லை.

"அன்றைக்கு அப்படி எழுந்து போனேனே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், பிள்ளை பாதிச் சோற்றில் எழுந்து போயிட்டானே என்று" என்றார் நண்பர்.

பேதுருவின் பதில் ஏன் எழுதப்படவில்லை என்று எனக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது. சொல்வதற்கு ஒன்றும் இருந்திராது. முரண்பட்ட வசனங்களை இழுத்து ஒட்டி ஒன்றாக்கிக் காட்டுகிற உரைகள் பல இருக்கின்றன. பக்திக்கு அவை உதவலாம். ஆனால் அவற்றைப் படித்தபின் அந்தப் புஸ்தகத்தில் யாரும் எதையும் இழந்ததாகத் தெரியாது. வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாத்திய வசனத்தையும் திறந்த வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெயர் இல்லாமல் அனுப்பப்பட்ட பெண்களை விட்டுவிடாமல் படியுங்கள்.

பேசி முடித்தபோது மணி ஒன்றரை ஆகியிருந்தது. நண்பரின் மனைவி வந்து கூப்பிட்டார். அன்று மீன் குழம்பு. தனிக் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.